பிள்ளைத்தாச்சி சப்பிய இலை

பாரிசுக்குப் பக்கத்து ஒபர்வில்லியேயில் நான் வேலை செய்த சலவைக்கூடத்துக்கு ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்ததும் அவற்றைச் சூடான உருளை இயந்திரத்துக்குள் விட வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, மூலைகளைப் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாக எனக்கு எதிரே நின்று மறுமூலைகளைப் பிடித்தவள் ஆபிரிக்காவின் ஜிபூட்டியிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். லா ஷப்பலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. காலையில் ஒன்றாக மெத்ரோ ஏறுவோம், மாலையில் ஒன்றாக இறங்குவோம்.

அவளுக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. எனக்கு அது வேலைத்தளங்களில் பொறுக்கியெடுத்த மொழி. அவள் என்னைச் சகோதரி என்று கூப்பிடுவாள். அவள் பேசியதெல்லாம் என் மனதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவளுடைய இடது கன்னம் எப்போதும் சற்று உப்பியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வெற்றிலை என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். கேட்டபோது சிரித்தாள். மேலங்கிப் பையிலிருந்து வாழையிலைத் துண்டில் சுற்றிய ஒரு கட்டை எடுத்துக் காட்டினாள். சிவந்த காம்புகளில் தேயிலைக் கொழுந்து போலப் பளபளத்த இலைகள்.

"காத்" என்றாள். "ஊரிலை நான் இதைத் தொட்டதே இல்லை. ஆம்பிளையள்தான் மத்தியானத்திலை கூடியிருந்து சப்புவினம். இஞ்சை வந்துதான் பழகினனான். இது இல்லாட்டி இந்தச் சூட்டுக்குள்ளை எட்டு மணித்தியாலம் நிக்கேலாது."

ஒருநாள் நானும் நாலைந்து கொழுந்து வாங்கிச் சப்பினேன். கயர்த்தது. நாக்கு வறண்டது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கால் நோவு மறந்துபோயிற்று. கை தானாக ஓடியது. மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. மறுநாள் அடித்துப்போட்டது போலக் கிடந்தேன். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

பிரான்சில் அது தடை செய்யப்பட்ட இலை. எங்கள் இடத்துக்கு அது அழுக்குத் துணி மூட்டைகளோடு வந்தது. வான் ஓட்டி வந்தவன் ஒரு பொட்டலத்தைக் கழிப்பறைக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போவான். அங்கே வேலை செய்த மூன்று நான்கு பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் மேற்பார்வையாளருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் எங்கள் ஆள், யாழ்ப்பாணத்தார். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவதைக் கேட்டு, மற்றப் பெண்களும் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து அண்ணை, அண்ணை என்றார்கள். அவர் அதைத் திருத்தவுமில்லை.

ஒரு திங்கட்கிழமை உடை மாற்றும் அறையில் அவள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். நாலு மாதம்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை, சகோதரி. கொந்த்ரா புதுப்பிக்க இன்னும் ஒரு மாசம் கிடக்கு."

எங்கள் இரண்டு பேருக்குமே தற்காலிகக் கொந்த்ராதான், குறித்த காலத்துக்கான வேலை ஒப்பந்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து. வயிற்றோடு நிற்பவளுக்கு அந்தக் கையெழுத்து கிடைக்காது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவள் கன்னம் அன்றும் உப்பியிருந்தது.

"இனியும் உதைச் சப்புறியே?"

"இப்பதான் கூடத் தேவையாக்கிடக்கு. இப்ப ரெண்டு பேரை நான் சுமக்கிறன்."

அவளுக்காக நான் புட்டும் பருப்பும் கொண்டுபோகத் தொடங்கினேன். இரண்டு வாய் வைப்பாள். பிறகு பசியில்லை என்று பெட்டியை மூடித் தருவாள். ஆறு மாதமாகியும் மேலங்கிக்குள் வயிறு தெரியவில்லை. இதற்கிடையில் கொந்த்ராவில் கையெழுத்தும் விழுந்துவிட்டது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவளுக்கு அதில் ஒரு பெருமை. எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசியில் அவளிடம் கேட்காமலே மேற்பார்வையாளரிடம் போனேன். வயிற்று விசயத்தைச் சொல்லவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை, துவாய் எண்ணும் மேசையில் கொஞ்ச நாள் இருத்தி விடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உடம்பு சரியில்லையோ, பிள்ளைத்தாச்சியோ? எனக்குக் கண் இல்லை எண்டு நினைச்சியளோ, தங்கச்சி?"

"தெரிஞ்சுகொண்டுதான் அந்த மெசினிலை விட்டிருக்கிறியளோ, அண்ணை?"

"அவா கேக்கேல்லையே. நல்லா வேலை செய்யிறா. இலையைச் சப்பினா அவை எங்களைவிடக் கெதியாச் செய்வினம். அது அவையின்ரை பழக்கம். உங்களுக்கேன் தேவையில்லாத வேலை?"

அவையின்ரை பழக்கம்! ஊரில் அவள் தொட்டே அறியாத இலையை, இவர் கண்ணுக்கு முன்னால் இருக்கும் தட்டிலிருந்து எடுத்துப் பழகினாள். அவள் கை வேகம் இவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறது. கெடுதலை மட்டும் அவளுடைய நாட்டின் தலையில் கட்டிவிட்டார். அன்று நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்த வாரம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியிடம் றொந்தேவு, போய்ப் பார்க்கக் குறித்த நேரம், இருந்தது. அவள் கணவன் ஒரு கடையில் காவல் வேலை. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போகப் பிடிக்கவில்லை என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மருத்துவச்சி நடுவயதுக்காரி. கணினித் திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"புகை பிடிக்கிறீங்களா?"

"இல்லை."

"மது?"

"நான் முஸ்லிம், மடம்."

"போதைப்பொருள்?"

"இல்லை!" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய ஊரில் காத் சந்தையில் கூவி விற்கும் இலை. அதை யாரும் போதைப்பொருள் என்று சொல்வதில்லை. மூன்று கேள்வி, மூன்று இல்லை, விரல் மூன்று தடவை தட்டியது. அவ்வளவுதான்.

பதினாலு வருடத்துக்கு முன் இதே நகரத்தில், வேறொரு ஆஸ்பத்திரியில், இதே மூன்று கேள்விகளை என்னிடமும் கேட்டார்கள். அப்போது எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. தொலைபேசியில் ஒரு தமிழ்க் குரல் மொழிபெயர்த்தது. சிகரெட் பிடிப்பீங்களா? நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். என் கைப்பையில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இருந்தன. வன்னியிலிருந்து வரும்போதே இருந்த பழக்கம். வயிற்றில் பிள்ளை தங்கியதும், குமட்டலுக்கு நல்லது என்று இன்னும் கூடப் போட்டேன். வெற்றிலை போடுவீங்களா என்று யாரும் கேட்கவில்லை. மகள் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலாகப் பிறந்தாள். கையில் தூக்கவே பயமாக இருந்தது. ஏன் இவ்வளவு சிறிது என்று அதே தொலைபேசிக் குரல் மூலம் கேட்டேன். "உங்கள் ஆட்களுக்குச் சின்னப் பிள்ளையள்தானே பிறக்கிறது" என்று டொக்டர் சொன்னதாகப் பதில் வந்தது. நானும் அதை நம்பினேன்.

மருத்துவச்சி அளவுநாடாவை எடுத்துத் தோழியின் வயிற்றை அளந்தாள். இரண்டாம் தடவையும் அளந்தாள். "கொஞ்சம் சிறிதாக இருக்கிறது. நீங்களும் மெலிந்த உடம்புதானே" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மடம், இவள் இலை சப்புகிறாள். காலையிலிருந்து மாலை வரைக்கும். சாப்பிடுவதில்லை."

என் உடைந்த பிரெஞ்சு அந்த அறையில் மிகவும் சத்தமாகக் கேட்டது. தோழி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

மருத்துவச்சி திரையை விட்டுத் திரும்பி, நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன இலை, எத்தனை நாளாக, எவ்வளவு நேரம் என்று கேட்டாள். திட்டவில்லை. பிறகு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். அந்த இலையிலிருக்கும் சத்து நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கும். இரத்தக் குழாய்களை இறுக்கும். நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறையும். தாய்க்குப் பசி கெடுவதால் பிள்ளைக்குப் போவது இன்னும் குறையும். பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம், நாள் முந்தியும் பிறக்கலாம். பிறந்த பிறகு சப்பினால் தாய்ப்பாலிலும் அது இறங்கும்.

"நிறுத்தினால் சில நாள் களைப்பாக இருக்கும், தூக்கம் வரும், மனம் சோர்ந்துபோகும். அது வழமை. ஆனால் இன்றைக்கு நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லதுதான்" என்றாள். பிறகு, "நான்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றாள்.

அப்போது என் வாயிலிருந்து வேறொரு கேள்வி தானாக வந்தது. "மடம், வெற்றிலை பாக்கோடு புகையிலை போட்டால்?"

"அதுவும் அப்படித்தான். புகைக்காவிட்டாலும் புகையிலை புகையிலைதான். பாக்கும் நல்லதில்லை. பிள்ளை சிறிதாகப் பிறக்கலாம். ஏன், நீங்கள் கர்ப்பமா?"

"இல்லை" என்றேன். பதினாலு வருடம் கழித்து, வேறொருத்தியின் றொந்தேவில் உட்கார்ந்திருந்து இதைத் தெரிந்துகொண்டேன்.

நின்று வேலை செய்யக் கூடாது என்று வேலையிடத்துக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தந்தாள். தோழி அதை வாங்கிப் பைக்குள் திணித்தாள். வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று வெடித்தாள்.

"என்னை வித்துப்போட்டாய்! அது இஞ்சை தடை எண்டு உனக்குத் தெரியாதே? நாளைக்குப் பொலிஸ் வரும். அசிஸ்தாந் சோசியல் எண்டு அரசாங்கத்தின்ரை சமூக சேவைக்காரி வரும். பிறக்கிற பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போனா நீ திருப்பித் தருவியோ?"

"பிள்ளை உயிரோடை பிறக்க வேணுமெண்டுதான்..."

"உன்ரை பிள்ளையை நீ பார்!"

என்னை விட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். அவள் பயந்ததில் பிழையில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு உண்மை சொல்லி நல்லது நடந்த அனுபவம் குறைவு. உதவி கேட்டால் கேள்வி வரும், கேள்வி வந்தால் காகிதம் வரும் என்று நாங்கள் பழகியிருக்கிறோம். ஒருத்தியைப் பயத்திலேயே வைத்திருந்துவிட்டு, நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று அவளைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வரும் வழியில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு கடைக்குள் மரக்கறி வாங்கப் போனேன். எனக்கு முன்னால் எங்கள் பெண் ஒருத்தி நின்றாள். எட்டு மாத வயிறு. கடைக்காரர் வெற்றிலைக் கட்டையும் சீவல் பாக்குப் பொட்டலத்தையும் புகையிலையையும் அவள் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிள்ளைத்தாச்சிக்குப் புகையிலை குடுக்கிறியளே?" என்றேன்.

"நான் விக்கிறன், அவை வேண்டினம். நான் என்ன டொக்டரே, அக்கா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் முகம் சிவந்து, "எனக்குச் சத்தி வருது அக்கா, இதைப் போட்டாத்தான் நிக்குது" என்றாள். பதினாலு வருடத்துக்கு முன் குமட்டலுக்கு நான் சொன்ன அதே சொல். அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய் என் மகள் பிறந்த கதையைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கோ என்றேன். தலையாட்டினாள். சொன்னாளோ தெரியாது. புகையிலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தோழி இலையை நிறுத்திவிட்டாள். எனக்கு அவள் சொல்லவில்லை. கன்னம் தட்டையாகிவிட்டதைக் கண்டுதான் தெரிந்துகொண்டேன். மெத்ரோவில் வேறு பெட்டியில் ஏறினாள். இயந்திரத்தில் எனக்கு எதிரே நின்றாலும் முகம் பார்க்கவில்லை. கண் சொருகும். மூலைகள் கைநழுவும். விரிப்புகள் சுருக்கத்தோடு வெளியே வரும். மருத்துவச்சியின் கடிதம் அவள் பைக்குள்ளேயே கிடந்தது. அதைக் கொடுக்கப் பயம்.

ஆறாம் நாள் மேற்பார்வையாளர் வந்து நின்றார். சுருக்கம் விழுந்த விரிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். போய்த் தட்டிலிருந்த பொட்டலத்தை எடுத்து வந்து அவளுக்கு முன்னால் நீட்டினார்.

"கொஞ்சம் போடும். நித்திரை போயிடும்" என்று பிரெஞ்சில் சொன்னார். ஏதோ தண்ணீர் கொடுப்பது போல.

அவள் கை நீட்டவா வேண்டாமா என்று தடுமாறியதை நான் கண்டேன். இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணை, உங்கடை மனுசி பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை உதைக் குடுத்தனீங்களோ?" என்று தமிழில் கத்தினேன். "குடுப்பியளோ? வயித்திலை இருக்கிற பிள்ளையின்ரை சாப்பாட்டைப் பறிச்சு உங்கடை ஹோட்டல்காரனுக்குச் சுருக்கமில்லாமல் சீலை விரிக்கிறியளோ? வெக்கமா இல்லையோ?"

"சத்தம் போடாதேங்கோ, தங்கச்சி. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்!"

அங்கே தமிழ் விளங்கியது அவருக்கு மட்டும். அதனால் மறுபடியும் எல்லாருக்கும் கேட்கும்படி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இவள் கர்ப்பிணி. இவருக்கு அது தெரியும். தெரிந்தும் இலை கொடுக்கிறார். இலக்கணம் எல்லாம் பிழையாகத்தான் இருந்திருக்கும். விளங்காமல் போகவில்லை.

தோழி மெதுவாக உடை மாற்றும் அறைக்குப் போனாள். திரும்பி வந்து அந்தக் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

சலவைக்கூடத்து முதலாளியம்மா, எங்கள் பத்ரோன், மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கடிதத்தை வாசித்தாள். இலைப் பொட்டலத்தைப் பார்த்தாள். தனக்கு எதுவும் தெரியாது என்றாள். தொழில் பரிசோதகர் வந்தால் என்னாகும் என்ற கணக்கு அவள் முகத்தில் ஓடியது. அன்றைக்கே தோழியைத் துவாய் மேசையில் நாற்காலி போட்டு இருத்தினார்கள். முதல் வாரம் நான் கேட்டும் நடக்காதது பத்து நிமிடத்தில் நடந்தது. அந்த மாதம் என் கொந்த்ரா முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் அதே இடத்தில்தான் இருந்தார்.

இரண்டு மாதம் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"சகோதரி, வா" என்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பெண் பிள்ளை. மூன்று வாரம் முந்திப் பிறந்திருந்தது. இரண்டு கிலோ முந்நூறு. சூடு பிடிக்கும் பெட்டிக்குள் மூக்கில் மெல்லிய குழாயோடு கிடந்தது. தோழி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தாள். என்னைக் கண்டதும் அழுதாள். நானும் அழுதேன். இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"அசிஸ்தாந் சோசியல் வந்தவ" என்றாள். "பறிக்க வரேல்லை. வீடு எப்பிடி, சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டா. தாய் சேய் நிலையத்திலை இருந்து கிழமைக்கு ஒருக்கா ஆள் வந்து பிள்ளையை நிறுப்பினமாம்."

அந்த மருத்துவச்சியும் வந்து பார்த்தாள். இலையால்தான் இப்படியா என்று தோழி கேட்டாள். "இலையாலா, நின்று செய்த வேலையாலா, இரண்டாலுமா, என்னால் சொல்ல முடியாது. கடைசி இரண்டு மாதத்தில் பிள்ளை நன்றாக எடை போட்டது. அது மட்டும் தெரியும்" என்றாள். நேர்மையான பதில். ஆனால் எனக்கு அதிலும் ஆத்திரம் வந்தது, அவள்மேல் இல்லை. இப்படிச் சொல்ல முடியாமலிருப்பது எல்லாருக்கும் எவ்வளவு வசதி! சலவைக்கூடம் இலையைக் காட்டும். இலை கொண்டுவந்தவன் வேலையைக் காட்டும். ஆஸ்பத்திரிக் கணினி மூன்று இல்லைகளைக் காட்டும். கடைசியில் பழி சுமக்கத் தாய் ஒருத்திதான் மிஞ்சுவாள்.

பத்து நாளில் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். பால் கொடுக்கிற மாதங்களில் கணவனின் கூட்டாளிகள் வந்து வீட்டில் இருந்து சப்பப் பார்த்தார்களாம். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தாளாம். அதற்குப் பிறகு கணவன் வீட்டுக்குள் இலை கொண்டுவருவதில்லை. வெளியில் சப்புகிறானா என்று அவள் கேட்பதுமில்லை.

என் மகளிடம் அவள் பிறந்த கதையைச் சொல்ல எனக்குப் பல மாதம் எடுத்தது. கேட்டுவிட்டு, "யாரும் உன்னிடம் கேட்கவில்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை என்றேன். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அம்மா" என்றாள். ஆகவில்லைதான். அது அவளுடைய அதிர்ஷ்டம். ஒரு பிள்ளையின் உடம்பை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடலாமா?

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்கிறேன். தோழியின் மகளுக்கு ஒன்றரை வயது. சற்றுச் சிறிய உடம்புதான், ஆனால் நடக்கிறாள். கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்து விழுத்துகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு லா ஷப்பலில் நடந்துகொண்டிருந்தபோது பழைய மேற்பார்வையாளர் எதிரே வந்தார். கையில் மரக்கறிப் பை. பிள்ளையைக் குனிந்து பார்த்துக் கன்னத்தைத் தட்டினார்.

"நல்லா வளந்திட்டா" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, இன்னும் கோவமே?"

"ஓம் அண்ணை" என்றேன். "இன்னும் கோவம்தான்."